மகுடத்தை வெறுத்த ரோமாபுரி!

ராஜாவை விரட்டினார்கள், வேறு பெயரில் திரும்பி வந்தான்

கி.மு. 44-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ந்தேதி.

ரோமாபுரியில் அன்று திருவிழா. நகரின் நடுவே உள்ள பெரிய மைதானத்தில் கூட்டம் அலைமோதியது.

மேடையில் ஒரு தங்க நாற்காலி. அதில் ஜூலியஸ் சீசர் உட்கார்ந்து இருந்தான்.

அவனுடைய நண்பன் ஆண்டனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் இருந்த ஒரு பட்டையை சீசரின் தலையில் கட்டப் போனான்.

அது சாதாரணப் பட்டை அல்ல. அந்தக் காலத்து ராஜாக்கள் தலையில் கட்டிக்கொள்ளும் பட்டை. "பட்டம் கட்டினார்கள்" என்று நாம் சொல்கிறோமே, அதேபோலத்தான்.

கூட்டத்தில் ஒரு சிலர்தான் கை தட்டினார்கள்.

சீசர் அதைக் கையால் தள்ளினான். உடனே மைதானம் அதிரும்படி எல்லோரும் கை தட்டினார்கள்!

ஆண்டனி மறுபடியும் நீட்டினான். சீசர் மறுபடியும் தள்ளினான். மறுபடியும் பெரிய கை தட்டல்!

சீசர் அப்போது யார்? ஆயுள் முழுவதும் சர்வாதிகாரி! பட்டாளம் அவன் கையில். கஜானா அவன் கையில். நாணயத்தில் அவன் முகம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட ஜனங்கள், ஒரு முழப் பட்டையைக் கண்டு ஏன் முகம் சுளித்தார்கள்?

அதைத் தெரிந்துகொள்ள 700 ஆண்டு பின்னால் போகவேண்டும்.

ஏழு ராஜாக்கள்

ரோமாபுரி பிறந்தது கி.மு. 753-ல் என்பது அந்த ஊர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதை.

ரோமுலஸ், ரீமஸ் என்று இரட்டைக் குழந்தைகள். ஆற்றில் விடப்பட்ட அவர்களுக்கு ஒரு ஓநாய் பால் கொடுத்துக் காப்பாற்றியதாம். வளர்ந்து ஆளானதும் ஊரைக் கட்டினார்கள். தகராறு வந்தது. ரோமுலஸ் தம்பியைக் கொன்றுவிட்டு, ராஜா ஆனான். ஊருக்கும் அவன் பெயரே வந்தது.

அவனையும் சேர்த்து ஏழு ராஜாக்கள் ஆண்டார்கள் என்று சொல்வார்கள். ரோமுலஸ், நூமா, துல்லஸ், ஆங்கஸ், முதல் தார்க்குவின், செர்வியஸ், இரண்டாவது தார்க்குவின் என்பது அவர்களுடைய பெயர்கள்.

இந்தக் கதைகளை எழுதி வைத்தவர்கள் பல நூறு ஆண்டுக்குப் பிறகு வந்தவர்கள். ஆகவே எல்லாம் அப்படியே நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், ரோமாபுரி மக்கள் அவற்றை நம்பினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்தக் கதைகளில் ஏழாவது ராஜாதான் கொடியவன்.

அவன் தன் மாமனாரான செர்வியசைக் கொன்று ராஜா ஆனவன். அவன் மனைவி துல்லியா, நடுத்தெருவில் கிடந்த தன் தகப்பனின் பிணத்தின் மீதே ரதத்தை ஓட்டிக்கொண்டு போனாள் என்பது கதை!

ஒரு பெண்ணின் கண்ணீர்

அந்த ராஜாவின் மகன் செக்ஸ்டஸ். தகப்பனுக்கு ஏற்ற பிள்ளை.

லுக்ரீசியா என்ற குடும்பப் பெண்ணின் மீது அவன் கண் விழுந்தது. கணவன் வீட்டில் இல்லாத நேரத்தில் விருந்தாளியாக வந்தான். இரவில் கத்தியைக் காட்டி மிரட்டி, அவளைக் கெடுத்தான்.

பொழுது விடிந்ததும் தகப்பனையும் கணவனையும் வரவழைத்தாள் லுக்ரீசியா. நடந்ததைச் சொன்னாள். பழிக்குப் பழி வாங்கும்படி கேட்டாள். மறைத்து வைத்து இருந்த கத்தியால் தன்னைத் தானே குத்திக்கொண்டு செத்தாள்.

அங்கே புரூட்டஸ் என்பவன் இருந்தான். "புரூட்டஸ்" என்றால் "மந்தபுத்தி உள்ளவன்" என்று அர்த்தம். ராஜாவுக்குப் பயந்து, பல ஆண்டு முட்டாள் போல நடித்து உயிர் பிழைத்தவன்.

அந்த "முட்டாள்" ரத்தம் சொட்டும் கத்தியைக் கையில் தூக்கினான். ரோமாபுரியில் இனி எவனும் ராஜாவாக இருக்க விடமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

ஜனங்கள் திரண்டார்கள். ராஜாவும் குடும்பமும் விரட்டப்பட்டனர். இது கி.மு. 509-ல் நடந்தது என்பார்கள்.

கதை அதோடு முடியவில்லை.

ராஜாவைத் திரும்பக் கொண்டுவரச் சிலர் சதி செய்தார்கள். சதிகாரர்களைப் பிடித்துப் பார்த்தால், அதில் இருவர் புரூட்டசின் சொந்த மகன்கள்!

தலைவனாக இருந்து தண்டனை கொடுக்க வேண்டியவனும் அவன்தான். பெற்ற பிள்ளைகளின் தலை வெட்டப்படுவதை அவன் நேரில் நின்று பார்த்தான்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு "ராஜா" என்ற சொல் எப்படி இனிக்கும்?

இரண்டு பேர், ஒரு வருடம்

ராஜாவுக்குப் பதிலாக, "கான்சல்" என்ற தலைவர்களை மக்கள் தேர்ந்து எடுத்தார்கள். அதில் மூன்று பூட்டுப் போட்டார்கள்.

முதல் பூட்டு: ஒருவன் அல்ல, இரண்டு பேர்.

இரண்டாவது பூட்டு: பதவி ஒரே ஒரு வருடம்.

மூன்றாவது பூட்டு: ஒருவன் செய்வதை மற்றவன் தடுக்கலாம்.

இப்போது ஐ.நா. சபையில் "வீட்டோ" என்கிறார்களே, அது ரோமாபுரியில் பேசிய லத்தீன் மொழிச் சொல்தான். "நான் தடுக்கிறேன்" என்று அர்த்தம்.

பெரிய ஆபத்து வந்தால் என்ன செய்வது? அப்போது மட்டும் ஒருவனைச் சர்வாதிகாரியாகப் போடுவார்கள். அவனுக்கும் கெடு உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கி.மு. 458-ல் ஒரு ரோமாபுரிப் படையை எதிரிகள் வளைத்துக்கொண்டார்கள். சின்சினேட்டஸ் என்பவனைத் தேடி ஆள் போயிற்று. அவன் தன் நிலத்தில் வேலை செய்துகொண்டு இருந்தான். மொத்தம் 2½ ஏக்கர்தான் நிலம்.

முகத்தைக் கழுவினான். மனைவி கொண்டுவந்த மேலாடையைப் போர்த்திக்கொண்டு, சேதி கேட்டான். சர்வாதிகாரி ஆனான். எதிரியை முறியடித்தான். பதினாறாவது நாள் பதவியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினான்!

இந்தப் பெயரை வைத்துத்தான் அமெரிக்காவில் "சின்சினாட்டி" என்ற நகரம் இருக்கிறது.

ஏழைகள் ஊரை விட்டுப் போனார்கள்

ராஜா போய்விட்டான். ஆனால் அதிகாரம் எல்லோருக்கும் வந்ததா? இல்லை. பிரபுக்களின் குடும்பங்களுக்குத்தான் வந்தது.

கடன் பட்ட ஏழையைக் கட்டி இழுத்துப் போய் அடிமைபோல் வேலை வாங்கினார்கள். சண்டை என்றால் மட்டும் "வா" என்று கூப்பிட்டார்கள்.

கி.மு. 494-ல் ஏழைகள் ஒரு வேலை செய்தார்கள். யாரையும் அடிக்கவில்லை. கூட்டமாக ஊரை விட்டு வெளியேறி, ஒரு குன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்!

பிரபுக்கள் நடுங்கிப் போனார்கள். படையில் சேர யார் இருக்கிறார்கள்? இறங்கி வந்தார்கள். "டிரிபியூன்" என்ற மக்கள் காவலரை ஏழைகளே தேர்ந்து எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காவலர் மீது எவனும் கை வைக்கக்கூடாது. கான்சலின் உத்தரவையே அவர் தடுக்கலாம்.

கி.மு. 367-ல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டு கான்சல்களில் ஒருவர் சாதாரண குடும்பத்தில் இருந்து வரலாம் என்றார்கள்.

கோதுமை கொடுத்தவன் கொலை

இதற்கு இடையில் "ராஜா" என்ற சொல்லுக்கு ஒரு புது உபயோகம் பிறந்தது.

கி.மு. 439-ல் பஞ்சம். மேலியஸ் என்ற பணக்காரன் தன் பணத்தைப் போட்டுக் கோதுமை வாங்கி, ஏழைகளுக்குக் கொடுத்தான். மக்கள் அவனைக் கொண்டாடினார்கள்.

"ராஜா ஆகப் பார்க்கிறான்!" என்று கூச்சல் எழுந்தது. அவனை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். வீட்டையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள்.

300 ஆண்டு கழித்து, அதே கூச்சல் மறுபடியும் கேட்டது.

அதற்குள் ரோமாபுரி பெரிய நாடு ஆகிவிட்டது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த அனிபாலைக்கூட முறியடித்தாயிற்று. கார்த்தேஜ் நகரம் கி.மு. 146-ல் அழிக்கப்பட்டது. எங்கே பார்த்தாலும் வெற்றி!

ஆனால், அந்த வெற்றியைத் தேடிக் கொடுத்த குடியானவன் கதி என்ன?

வருடக்கணக்கில் அவன் போர்க்களத்தில் இருந்தான். ஊரில் நிலம் தரிசாகக் கிடந்தது. கடன் ஏறியது. பக்கத்துப் பணக்காரன் நிலத்தை வளைத்துப் போட்டான். சண்டையில் பிடித்துவந்த அடிமைகளைக் கொண்டு பயிர் செய்தான். சிப்பாய் திரும்பி வந்தபோது நிற்க இடம் இல்லை.

டைபீரியஸ் கிராக்கஸ் என்ற வாலிபன் கி.மு. 133-ல் மக்கள் காவலன் ஆனான். பொது நிலத்தில் ஒருவர் சுமார் 300 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. மீதியை ஏழைகளுக்குப் பங்கு போடவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தான். இன்று நாம் நில உச்சவரம்பு என்கிறோமே, அந்த மாதிரி!

பணக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். அவனும் சும்மா இருக்கவில்லை. தன் சட்டத்துக்குக் குறுக்கே நின்ற இன்னொரு காவலனைப் பதவியில் இருந்தே நீக்கினான். அடுத்த வருடமும் தானே காவலனாக இருக்கப் பார்த்தான். பழைய பூட்டுகளில் அவனும் கை வைத்தான்.

தேர்தல் நாளில் கூட்டத்தில் ஒரே சத்தம். தன் தலைக்கு ஆபத்து என்று நண்பர்களுக்குத் தெரிவிக்க, டைபீரியஸ் கையால் தலையைத் தொட்டுக் காட்டினான்.

எதிரிகள் செனட் சபைக்கு ஓடினார்கள். "தலையில் மகுடம் கேட்கிறான்!" என்று கத்தினார்கள்.

அவ்வளவுதான். செனட் சபைக்காரர்கள் நாற்காலிக் கால்களையும் தடிகளையும் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். டைபீரியசும் அவனைச் சேர்ந்த 300 பேரும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பிணங்களை ஆற்றில் எறிந்தார்கள்.

அவன் தம்பி காயஸ் அந்த வேலையைத் தொடர்ந்தான். கி.மு. 121-ல் அவனும் உயிர் இழந்தான்.

பட்டாளம் யார் பக்கம்?

ரத்தம் சிந்தி அடக்கினார்கள். ஆனால் நிலம் இல்லாத ஏழை அப்படியே இருந்தான்.

கி.மு. 107-ல் மேரியஸ் என்ற தளபதி அவனைப் பட்டாளத்தில் சேர்த்தான். அதற்கு முன்பு சொத்து உள்ளவனுக்குத்தான் படையில் இடம்.

சண்டை முடிந்ததும் சிப்பாய் நிலம் கேட்டான். செனட் சபை மனம் வைக்கவில்லை. தளபதிதான் போராடி வாங்கிக்கொடுத்தான்.

சிப்பாய் யாருக்கு விசுவாசமாக இருப்பான்? சோறு போட்ட தளபதிக்குத்தானே!

மேரியஸ் ஏழு தடவை கான்சல் ஆனான். "ஒரு வருடம்" என்ற பூட்டு உடைந்தது.

கி.மு. 88-ல் சுல்லா என்ற தளபதி தன் சொந்த ஊர் மீதே படை எடுத்து வந்தான். கி.மு. 82-ல் கெடு இல்லாத சர்வாதிகாரி ஆனான். "ஆறு மாதம்" என்ற பூட்டும் உடைந்தது.

யார் யாரைக் கொல்லலாம் என்று அவன் பட்டியல் எழுதி மைதானத்தில் ஒட்டினான். கொன்றவனுக்கு இனாம்! செத்தவன் சொத்து ஏலம்!

கடைசியில் சுல்லா தானாகவே பதவியை விட்டு விலகினான். ஆனால், பட்டாளம் இருந்தால் ரோமாபுரியைப் பிடிக்கலாம் என்ற பாடத்தை விட்டுவிட்டுப் போனான்.

அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவன் ஜூலியஸ் சீசர்.

23 கத்திக் குத்து

இப்போதைய பிரான்சு நாடு அப்போது "கால்" என்று அழைக்கப்பட்டது. எட்டு ஆண்டு போர் செய்து சீசர் அதைப் பிடித்தான். சிப்பாய்கள் அவனுக்காக உயிரையும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

பட்டாளத்தைக் கலைத்துவிட்டு வரும்படி செனட் சபை உத்தரவு போட்டது. கி.மு. 49 ஜனவரியில், ரூபிகான் என்ற சிறிய ஆற்றைப் படையோடு தாண்டினான் சீசர். உள்நாட்டுப் போர் மூண்டது. எதிர்த்து நின்ற பாம்பே தோற்று ஓடி, எகிப்தில் கொலை செய்யப்பட்டான்.

சீசர் நல்ல காரியங்களும் செய்தான். தாறுமாறாக இருந்த பஞ்சாங்கத்தைத் திருத்தி, 365 நாள், நாலு வருடத்துக்கு ஒரு நாள் கூடுதல் என்று ஏற்படுத்தினான். ஜூலை மாதம் ஜூலியஸ் சீசரின் பெயரைக் கொண்டதுதான்.

கி.மு. 44-ல் ஆயுள் சர்வாதிகாரி ஆனான். அப்போதுதான், முதலில் சொன்ன திருவிழா நடந்தது.

சீசர் பட்டத்தை மறுத்தான். ஆனால், சந்தேகம் தீரவில்லை. ஊரில் உள்ள பழைய புரூட்டசின் சிலையில், "நீ இப்போது உயிரோடு இல்லையே!" என்ற கருத்தில் யாரோ எழுதி வைத்தார்கள்.

அந்த வம்சத்தில் வந்தவன் என்று பெயர் பெற்ற இன்னொரு புரூட்டஸ் இருந்தான். சீசரின் நண்பன். அவனும் காசியசும் 60 பேருக்கு மேல் சேர்த்துச் சதி செய்தார்கள்.

மார்ச் 15-ந்தேதி. செனட் கூட்டத்தில் சீசரைச் சுற்றி வளைத்துக் குத்தினார்கள். உடம்பில் 23 காயம். தன்னிடம் தோற்ற பாம்பேயின் சிலைக்கு அடியில் சீசர் பிணமாக விழுந்தான்.

கொன்றவர்கள் "விடுதலை!" என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்!

சீசரின் உயிலைப் படித்தபோது, ரோமாபுரிக் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் அவன் பணம் எழுதி வைத்து இருந்தது தெரிந்தது. ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். கொன்றவர்கள் ஊரை விட்டு ஓடவேண்டி வந்தது.

ராஜா ஆகாத ராஜா

உயிலில் இன்னொரு சேதியும் இருந்தது. சகோதரியின் பேரன் ஆக்டேவியனை சீசர் தத்துப் பிள்ளை ஆக்கி இருந்தான். அவனுக்கு வயது 18. நோஞ்சான் பையன்.

எல்லோரும் அவனைச் சாதாரணமாக நினைத்தார்கள்.

14 ஆண்டுக்குள் எல்லோரையும் தீர்த்துவிட்டான் அந்தப் பையன்! முதலில் ஆண்டனியுடன் கூட்டுச் சேர்ந்தான். பெரிய பேச்சாளன் சிசரோவின் தலை விழுந்தது. புரூட்டசும் காசியசும் கி.மு. 42-ல் போரில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார்கள். பிறகு ஆண்டனியோடு சண்டை. கி.மு. 31-ல் ஆக்டியம் கடல் போரில் வெற்றி. அடுத்த ஆண்டு ஆண்டனியும் எகிப்து ராணி கிளியோபாட்ராவும் தற்கொலை செய்துகொண்டார்கள்.

சீசர் செய்த தவறை ஆக்டேவியன் செய்யவில்லை.

கி.மு. 27 ஜனவரியில் செனட் சபைக்கு வந்தான். "எனக்கு எந்த அதிகாரமும் வேண்டாம். எல்லாம் உங்களுடையதே" என்ற பொருளில் பேசினான். சபைக்காரர்கள் விடவில்லை. பட்டாளம் நிறைய உள்ள மாகாணங்களை எல்லாம் அவனிடமே கொடுத்தார்கள்.

அவனுக்கு "ரோமுலஸ்" என்று பட்டப்பெயர் கொடுக்கலாமா என்று பேச்சு எழுந்தது. அது ராஜாவின் பெயர் ஆயிற்றே! ஆகவே "அகஸ்டஸ்" என்ற பெயர் கொடுத்தார்கள். "போற்றத்தக்கவன்" என்று அர்த்தம். ஆகஸ்டு மாதத்துக்குப் பெயர் கொடுத்தவன் இவன்தான்.

ஒரு பஞ்ச காலத்தில், சர்வாதிகாரியாக இருக்கும்படி ஜனங்கள் கெஞ்சினார்கள். அகஸ்டஸ் மண்டியிட்டு, மேலாடையைக் கிழித்துக்கொண்டு "வேண்டாம்" என்று மறுத்தான்!

ராஜா அல்ல. சர்வாதிகாரி அல்ல. "முதல் குடிமகன்" என்றுதான் சொல்லிக்கொண்டான். கான்சல் தேர்தல் நடந்தது. செனட் சபை கூடியது. ஏழைகள் போராடி வாங்கினார்களே, மக்கள் காவலரின் அதிகாரம், அதையும் அவனே வாங்கி வைத்துக்கொண்டான். எல்லாப் பழைய பெயரும் இருந்தன. எல்லாச் சாவியும் ஒருவன் இடுப்பில்!

அகஸ்டஸ் காலத்து வெள்ளி நாணயங்கள் நம் கோவை வட்டாரத்தில் குவியலாகக் கிடைத்து இருக்கின்றன. மிளகு வாங்க வந்த பணம் அது. அவற்றில் பல நாணயங்களில் அவன் முகம் இருக்கிறது. ஆனால் "ராஜா" என்ற சொல் இல்லை. "நாட்டின் தந்தை" என்றுதான் பொறித்து இருக்கிறது.

இருபது ஆண்டு ரத்தக்களரியைக் கண்ட மக்களுக்கு அமைதி கிடைத்தது. கோதுமை கிடைத்தது. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று பலர் கணக்குப் பார்க்கவில்லை. கி.பி. 14-ல் அகஸ்டஸ் சாகும்போது வயது 75. மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த டைபீரியஸ் அடுத்து பதவிக்கு வந்தான்.

திரைக்குப் பின்னால் சக்கரவர்த்தி

கி.பி. 41-ல் ஒரு வாய்ப்பு வந்தது. கொடுமைக்காரனான காலிகுலாவை அவன் மெய்க்காவலர்களே கொன்றார்கள். செனட் சபை அவசரமாகக் கூடியது. பழைய குடியரசைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று விவாதம் செய்தது.

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அரண்மனையில் ஒரு சிப்பாய், திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்ற ஒருவனைக் கண்டுபிடித்தான். காலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸ். பட்டாளத்தார் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சக்கரவர்த்தி ஆக்கினார்கள். அவன் ஆளுக்கு 15 ஆயிரம் காசு தருவதாகச் சொன்னான்.

விவாதம் முடிந்தது!

"சீசர்" என்ற குடும்பப் பெயரே பதவியின் பெயர் ஆயிற்று. ஜெர்மனியின் "கெய்சர்", ருஷியாவின் "ஜார்" எல்லாம் அதில் இருந்து வந்தவைதான்.

நீரோ, டிராஜன், கான்ஸ்டண்டைன் என்று சக்கரவர்த்திகள் பலர் வந்து போனார்கள். மேற்கு ரோம சாம்ராஜ்யத்தில் கடைசியாக மகுடம் இழந்தவன் ஒரு சிறுவன். அவன் பெயர் ரோமுலஸ். பட்டம் அகஸ்டஸ். முதல் ராஜாவின் பெயரும், முதல் சக்கரவர்த்தியின் பட்டமும் அந்தப் பையன் தலையில் சேர்ந்து இருந்தன.

கி.பி. 476-ல் ஓடவாக்கர் என்ற தளபதி அவனை இறக்கிவிட்டான். பரிதாபப்பட்டு உயிரோடு விட்டான். உபகாரச் சம்பளமும் கொடுத்து அனுப்பினான்.

ஓடவாக்கர் தனக்கு என்ன பட்டம் வைத்துக்கொண்டான் தெரியுமா? "ராஜா!"

பழைய புரூட்டஸ் விரட்டி அடித்த அந்தச் சொல், சுமார் ஆயிரம் ஆண்டு கழித்துப் பகிரங்கமாகத் திரும்பி வந்தது. அதைத் தடுக்க ரோமாபுரியில் யாரும் இல்லை.